கரண்ட் செய்த வேலை

பக்கவாதத்தில் விழுந்த மாமனாரின் வலது கையை மறுபடி வேலை செய்ய வைத்தே தீருவது என்று மாப்பிள்ளை கங்கணம் கட்டிக்கொண்டிருந்தார். முன்கையின் மேல்புறத்தில் இரண்டு பட்டைகளை ஒட்டி, கரண்ட் கொடுக்கும் மெஷினைப் போட்டால், துவண்டு கிடக்கும் விரல்கள் விட்டு விட்டு விரியும். ஆனால் ஒரு காகிதத்தைக்கூடப் பிடிக்க வராது.

பிசியோதெரபிஸ்ட் கை கழுவப் போன நேரம்.

"கரண்டை இன்னும் கொஞ்சம் ஏத்துவோம் மாமா."

"அந்தப் பொண்ணு வெச்சபடியே இருக்கட்டும் மாப்பிள்ளை."

"அவங்களுக்கு என்ன தெரியும்? நான் யூடியூப்பையே கரைச்சுக் குடிச்சவன்!"

சொல்லிக்கொண்டே மெஷின் பக்கம் குனிந்தவரின் காதை மாமனாரின் வலது கை விரல்கள் கவ்விப் பிடித்தன. பிடித்ததோடு விடாமல் ஒரு திருகும் திருகின.

"ஆ! மாமா!"

"ஐயையோ! நான் இல்லை மாப்பிள்ளை, கரண்ட்!" காலமெல்லாம் கணக்கு வாத்தியாராக இருந்தவர் பதறிப்போனார். வீட்டு மாப்பிள்ளை மேல் கை வைப்பதாவது!

"பரவாயில்லை மாமா. மெஷின் பண்ணினதுக்கு நீங்க என்ன செய்வீங்க?" என்றார் மாப்பிள்ளை பெருந்தன்மையாக.

திரும்பி வந்த பிசியோதெரபிஸ்ட் சிவந்த காதைப் பார்த்தாள். நடந்ததைக் கேட்டாள்.

"இந்த மெஷின் விரலை விரிக்கத்தான் செய்யும் சார். பிடிக்கவே வைக்காது. அப்புறம் எங்கே திருகறது?"

மாமனார் ஜன்னலுக்கு வெளியே எதையோ உற்றுப் பார்க்க ஆரம்பித்தார்.

மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மற்றக் காதை நீட்டினார்.

"மெஷினைக் கழட்டுங்க! மாமா, எங்கே, இந்தக் காதையும் ஒரு பிடி பிடிங்க!"