மூன்றாவது வீடு

“உனக்குப் புடிச்ச வூட்டைத்தாம்மா எடுப்பேன். பகல் பூரா உள்ள இருக்கப்போறது நீதானே!”

புனேவிலிருந்து வீடியோவில் பேசினான் ரஞ்சித்குமார். வேலை மாற்றலாகி, மனைவி திவ்யாவோடு போய்ப் பத்து நாளாகிறது.

படாளத்தில் அவன் அம்மா சம்பூர்ணம் போனைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு, பித்தளைச் சொம்பைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். புது வீட்டில் பால் காய்ச்ச எடுத்துவைத்த சொம்பு.

“சம்பந்தியம்மா இன்னா சொல்றாங்க?” திவ்யாவின் அம்மா ஞானம்பாளைத்தான் கேட்டாள்.

“அவங்க முட்டிவலியோட கருங்குழியிலயே கீறாங்க. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. மொதல்ல உன்னைத்தான் கேக்குறேன்.”

சம்பூர்ணத்துக்கு வயிறு குளிர்ந்தது. அந்தத் தெம்பில், அவன் போட்டோவில் காட்டிய முதல் வீட்டை மாடிப்படி அதிகமென்று தள்ளினாள். இரண்டாவதில் வெயிலே விழவில்லை.

“இப்ப நான் நிக்கிறது மூணாவது வூடும்மா. நேத்துதான் காலியாச்சு. இன்னும் யாரும் குடிவரல.”

“குழாயில தண்ணி வருதா, காட்டு.”

சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்தான். தண்ணீர் நன்றாகவே கொட்டியது. பக்கத்தில் அடுப்பின் மேல், மஞ்சள் குங்குமம் வைத்த பித்தளைச் சொம்பு ஒன்று இருந்தது.

“இன்னும் கிட்ட காட்டு.”

தண்ணீரைத்தான் கேட்கிறாள் என்று போனை நீட்டினான். சொம்பில் வெட்டியிருந்த பெயரைச் சம்பூர்ணம் எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

‘ஞானம்பாள், கருங்குழி.’

தேய்த்த கை நின்றது.

“நல்ல வூடுடா. இதையே எடுத்துக்கோ.”

“அப்பாடா! நீ எப்பம்மா வர்ற?”

“நான் வர்றது இருக்கட்டும். சம்பந்தியம்மா காய்ச்சுன பாலு நல்லாப் பொங்குச்சா?”