வண்டி பார்க்க வந்தவர்

"எதைக் கேட்டாலும் இல்லன்னு மட்டும் சொல்லிடாதடா. ஆமாம் போடு. ஆமாம் போட்டவன் வண்டிதான் இந்த ஊர்ல வெல போயிருக்கு" என்றார் மெக்கானிக் ஆண்டவர்.

பெரம்பலூர் கார் ஸ்டாண்டில் மணிவேலின் டீசல் அம்பாசிடரைச் சுற்றி நாலு டிரைவர்கள் நின்றார்கள். சொந்த வண்டிக்கு வழி தெரியாதவர்கள்கூட அடுத்தவன் வண்டிக்கு யோசனை சொல்லாமல் போகமாட்டார்கள்.

"ஆயில கெட்டியா ஊத்திட்டேன். ரெண்டு நாளைக்குப் பொகை தெரியாது."

"ஆள் வர்றதுக்கு முன்னாடியே இஞ்சினைச் சூடு பண்ணி வச்சுடு. ஆறிப்போச்சுன்னா நாங்க நாலு பேரும்தான் தள்ளணும்."

"டாக்டர் வச்சிருந்த வண்டின்னு சொல்லுடா."

"எந்த டாக்டருன்னு கேட்டா?"

"செத்துப்போன டாக்டர்னு சொல்லு. போய் விசாரிக்கவா போறான்?"

எல்லாரும் சிரித்தார்கள். மணிவேல் சிரிக்கவில்லை. அவனுக்கு முப்பத்துமூன்று வயது. ஞாயிற்றுக்கிழமை செந்துறைக்குப் பெண் பார்க்கப் போக வேண்டும். பெண் பெயர் சத்யா. தரகர் கொண்டுவந்த சம்பந்தம். வாடகைக் கார் ஓட்டுகிறவனுக்குக் கொடுக்கமாட்டோம், ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைப்பதானால் வரட்டும் என்று பெண் வீட்டில் சொல்லிவிட்டார்கள். வண்டியை விற்றால்தான் கடை. கடை இருந்தால்தான் பெண்.

டிரைவர்கள் கலைந்த கொஞ்ச நேரத்தில் ஒருவர் வந்தார். வெள்ளை வேட்டி, கக்கத்தில் குடை.

"வண்டி குடுக்கறதா கேள்விப்பட்டேன் தம்பி. உடையார்பாளையம் பக்கம். பழனிவேல்னு பேரு."

"ஓட்டிப் பாக்குறீங்களாண்ணே?"

"நீங்களே ஓட்டுங்க. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

சாவியைத் திருப்பியதும் வண்டி பிடித்துக்கொண்டது. மணிவேல் மனதுக்குள் ஆண்டவரைக் கும்பிட்டான். அரியலூர் ரோட்டில் விட்டான்.

வந்தவர் பானெட்டைத் திறக்கச் சொல்லவில்லை. டயரை உதைத்துப் பார்க்கவில்லை. ஆர்.சி. புத்தகத்தையும் கேட்கவில்லை. என்ன மாதிரி ஆள் இவர்? ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஆளோ?

"நல்லா வேகமா போவுமா தம்பி?"

"நூறுல போவுண்ணே. போன வாரம் ஒரு சிமெண்டு லாரிக்காரன் சைடு குடுக்கல. மண்ணுல எறக்கி ஏத்திப் பறந்துட்டேன்."

அவன் அறுபதைத் தாண்டியதே இல்லை. பின்னால் லாரி ஹாரன் அடித்தால் ஓரமாக ஒதுங்கி நின்றுவிடுவான்.

"ராத்திரி சவாரியெல்லாம் உண்டா?"

"மாசத்துல பாதி நாள் வூட்டுப் பக்கமே போறதில்லண்ணே. சளைக்காத வண்டி."

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டில் தோசைக்குக் காத்திருக்கிற ஆள் அவன்.

"அடிகிடி பட்டிருக்கா?"

இதற்கு எப்படி ஆமாம் போடுவது என்று மணிவேல் ஒரு நொடி தடுமாறினான். பிறகு வழி கிடைத்தது.

"ரெண்டு தடவ இடிச்சிருக்கேண்ணே. வண்டிக்கு ஒரு கீறல் இல்ல. எதுக்க வந்தவனுக்குத்தான் காலு போச்சு. அப்படித் தகடு."

அவர் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"வாடகை வண்டின்னா நாலு விதமான ஆளும் ஏறுவாங்களே?"

"நாலு என்னண்ணே, நாப்பது விதம் பாத்தாச்சு. பின் சீட்டுல என்ன நடந்தாலும் ஸ்பிரிங் தாங்கும்."

மணிவேலுக்கு இப்போது விஷயம் பிடிபட்ட மாதிரி இருந்தது. வண்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் ஓட்டம், சவாரி என்றே கேட்கிறார் என்றால், வண்டியோடு டிரைவரையும் சேர்த்து எடுத்துக்கொள்ளப் பார்க்கிறார். அவருக்கு ஓட்டத் தெரியாதுபோல. விலையைக் கூட்டிச் சொல்லலாம்.

அரியலூர் பஸ் ஸ்டாண்டை நெருங்கியதும் அவர் ஒரு பிராந்திக் கடையைக் காட்டினார்.

"ஓரமா நிறுத்துங்க. யாவாரம்னா உக்காந்துதான் பேசணும். சாப்புடுவீங்கல்ல?"

மணிவேல் அன்றுவரை பீர் பாட்டிலைக்கூடத் தொட்டதில்லை.

"ஆமாண்ணே" என்றான்.

ஒரு குவார்ட்டர் வந்தது. ஒரே ஒரு டம்ளர் வந்தது.

"உங்களுக்குண்ணே?"

"எனக்கு சுகர். நீங்க சாப்புடுங்க தம்பி, நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

மூச்சை அடக்கி ஒரே மடக்காக ஊற்றிக்கொண்டான். தொண்டையில் தீப்பிடித்தது. இருமினால் வியாபாரம் கெட்டுவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டான்.

"நல்ல பழக்கம்போல?"

"ஆமாண்ணே."

"தெனமுமா?"

"ஆமாண்ணே."

அவர் காசு கொடுத்துவிட்டு வெளியே வந்தார். மணிவேல் பின்னாலேயே ஓடினான்.

"வண்டி புடிச்சிருக்காண்ணே?"

"நல்ல வண்டி தம்பி. வண்டியில ஒரு கொறையும் சொல்ல முடியாது."

"அப்ப அட்வான்ஸ்? ஞாயித்துக்கெழமைக்குள்ள முடிஞ்சா எனக்குப் பெரிய ஒதவியா இருக்கும்."

அவர் பஸ் ஸ்டாண்டுக்குள் நடந்து, கிளம்பத் தயாராக நின்ற ஒரு பஸ்ஸில் கால் வைத்தார்.

"அண்ணே, அது இல்லண்ணே! உடையார்பாளையம் பஸ் அந்தப் பக்கம் நிக்குது. இது செந்துறைக்குப் போவுது!"

"தெரியும்" என்றார் அவர், படியில் நின்றபடி. "ஞாயித்துக்கெழமை நீங்க யாரும் வர வேணாம் தம்பி. சத்யா எங்க அக்கா மவ."