வாசல் மெஷின் சொன்ன நேரம்

“பழைய டைம் சர்வர் தப்பு நேரம் காட்டுதுன்னு மட்டும் எழுதிடாதீங்க தம்பி. அது எங்க வீட்டுக்காரர் வெச்சது.”

தொழிற்சாலை முழுக்க ‘டைம் ஆபீஸ் அம்மா’ என்று பெயரெடுத்தவள், புதிதாக வந்திருந்த நெட்வொர்க் இன்ஜினியரிடம் கெஞ்சாத குறையாகச் சொன்னாள். வருகைப் பதிவு அவள் பொறுப்பு. யாராக இருந்தாலும் ஒரு நிமிடம் தாமதம் என்றால் சிவப்புக் குறி போட்டுவிட்டுத்தான் ஏனென்றே கேட்பாள். அப்படிக் கறாரானவள் இன்று குரல் இறங்கிப் பேசினாள்.

இன்ஜினியர் டைம் ஆபீஸ் மூலையில் இருந்த அந்தக் கறுப்புப் பெட்டியைத் தட்டிப் பார்த்தான். மொட்டை மாடி ஆன்டெனா மூலம் செயற்கைக்கோளிடமிருந்து நேரத்தை வாங்கி, எல்லா மெஷின்களுக்கும் சொல்வது அதன் வேலை. இன்று அதைக் கழற்றிவிட்டுப் புதியதை வைக்க வேண்டும்.

“கழட்டக் காரணம் எழுதியாகணும் மேடம். இந்த வாசல்ல விரல் வெக்கிற மெஷின் நாலு நிமிஷம் பின்னாடி ஓடுதுன்னு உங்க கிளார்க்குங்களே புகார் கொடுத்திருக்காங்க.”

“அதுங்க போன் வேகமா ஓடுது. என் வாட்சைப் பாருங்க, மெஷினோட அச்சு அசலா இருக்கு.”

“வாட்சுக்கு எதைப் பார்த்து நேரம் வெப்பீங்க?”

“மெஷினைப் பார்த்துத்தான்.”

“வீட்டுக் கடிகாரம்?”

“அது எப்பவும் வேகமாத்தான் ஓடும். நான் சீக்கிரம் கிளம்பணும்னு அவர் வேணும்னே முன்னாடி தள்ளி வெச்சிருப்பார்.”

இன்ஜினியர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மாடிக்குப் போனான்.

அவள் பெட்டியின் மேலிருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள். தொழிற்சாலையின் முதல் கம்ப்யூட்டர்காரர் அவள் கணவர்தான். இதைப் பொருத்திய அன்று, சட்டையெல்லாம் புறா எச்சத்தோடு மாடியிலிருந்து இறங்கி வந்து, “இனிமே உனக்கு நேரத்தைப் பத்திக் கவலையே வேண்டாம்” என்றார். அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. பெட்டி மட்டும் பச்சை விளக்கை விடாமல் சிமிட்டிக்கொண்டிருந்தது.

தினமும் இருவரும் ஒரே ஸ்கூட்டரில்தான் வருவார்கள். அவள் தலை பின்னி, குடையைத் தேடி, பூட்டை இழுத்துப் பார்த்து, மறுபடி ஒரு தடவை இழுத்துப் பார்த்து வரும்வரை அவர் வண்டியை உறும விட்டுக்கொண்டே நிற்பார். டைம் ஆபீஸ் வாசலில் அவளை இறக்கிவிட்டு, ஸ்டாண்டில் வண்டியை நிறுத்திவிட்டு, பின்வாசல் மெஷினில் விரல் வைப்பார். பதிவில் அவள் சரியான நேரத்துக்கு வந்திருப்பாள். அவர் தாமதம்.

“ஸ்டாண்டுல யாரோட அரட்டை?” என்று கேட்டுக்கொண்டே அவளே சிவப்புக் குறி போடுவாள். ஒருமுறை அரைநாள் சம்பளத்தையே வெட்டினாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார். ஒரு நாளும் தாமதமாக வராதவள் என்று நிர்வாகம் அவளுக்குக் கொடுத்த கேடயம் இன்னும் மேசைமேல்தான் இருக்கிறது. மேடையில் அதை வாங்கியபோது எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டியவர் அவர். அந்தச் சத்தத்தை இப்போது ஒரு தடவை கேட்டால் போதும் என்று இருந்தது அவளுக்கு.

இன்ஜினியர் திரும்பி வந்தான். “ஆன்டெனா நல்லா இருக்கு. வயரும் மாத்திப் பார்த்துட்டேன்.”

பிறகு இந்த வாசல் மெஷினையும் பின்வாசல் மெஷினையும் இடம் மாற்றி மாட்டினான். இங்கே வந்தது நாலு நிமிடம் பின்தங்கியது. அங்கே போனது சரியாகிவிட்டது.

“மெஷின்ல கோளாறு இல்ல மேடம். இந்த வாசலுக்குப் பெட்டிதான் நேரத்தை மாத்திச் சொல்லுது.”

அவள் பெட்டியின்மேல் கை வைத்தாள். “அப்ப அவர் வேலைதான் தப்பா?”

இன்ஜினியர் லேப்டாப்பை இணைத்து, பெட்டிக்குள் இருந்ததை நெடுநேரம் படித்தான்.

“தப்பு இல்ல மேடம். தப்புன்னா எல்லா மெஷினும் பின்னாடி ஓடணும். இந்த ஒரு வாசலுக்கு மட்டும் நாலு நிமிஷம் குறைச்சுச் சொல்லுன்னு வேணும்னே எழுதி வெச்சிருக்கார். பெட்டியைப் பொருத்தின நாள்லேர்ந்தே.”

“அவரா? சல்லிக்காசு தப்பா வாங்காத மனுஷன் தம்பி. யாருக்காக இதைச் செய்யப்போறார்?”

“ரிப்போர்ட்ல பெட்டி பழசாயிடுச்சுன்னு மட்டும் எழுதிக்கறேன், பயப்படாதீங்க. சும்மா தெரிஞ்சுக்கக் கேக்கறேன். அப்பல்லாம் இந்த வாசல்ல யார் யார் விரல் வெப்பாங்க?”

அவள் வாயெடுத்தாள். கிளார்க்குகள் எல்லோருமே அவர் போன பிறகு வேலைக்கு வந்தவர்கள். மேசைமேல் இருந்த கேடயத்தைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

“நான் ஒருத்திதான் தம்பி,” என்றாள். “ஒரே ஸ்கூட்டர்லதான் வந்தோம்.”