ஜன்னலோர மேஜைக் கம்ப்யூட்டர்

"இந்த ஒரு கம்ப்யூட்டர் மட்டும் ஏம்மா எழுந்திருக்கவே மாட்டேங்குது?" என்றார் பதிப்பக முதலாளி.

ஜன்னலோர மேஜையில் அது கறுப்புத் திரையைக் காட்டிக்கொண்டு கல்லுளிமங்கனாக உட்கார்ந்திருந்தது. எதிரே புரூஃப் ரீடர், கையில் பேனாவை உருட்டியபடி பொறுமையாகக் காத்திருந்தார்.

"மத்ததெல்லாம் பட்டனைத் தட்டினதும் கண்ணைத் திறக்குது. இது போன மாசத்தைவிட இப்ப இன்னும் மோசம். நாளைக்குக் காலையிலயும் இப்படியே இருந்தா, பழசு எல்லாத்தையும் எடைக்குப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடுவேன். உங்க தக்கையும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

அலுவலகமே 'கம்ப்யூட்டர் மேடம்' என்று கூப்பிடும் அவளுக்குப் பகீரென்றது. தக்கை அவளுடைய ஒரு வருட உழைப்பு. காயலான் கடைக்குப் போகவிருந்த பழைய கம்ப்யூட்டர்களுக்காக, ஓப்பன் சோர்ஸில் இலவசமாகக் கிடைத்தவற்றை எடுத்து, பதிப்பக வேலைக்கு வேண்டாததையெல்லாம் கழித்துக்கட்டி, அவளே உருவாக்கிய ஆபரேட்டிங் சிஸ்டம். லேசாக இருப்பதால் அந்தப் பெயர்.

"இன்னிக்கே சரி பண்ணிடறேன் சார்," என்றாள்.

முதலாளி நகர்ந்ததும் புரூஃப் ரீடர் எழுந்து அவளுக்கு நாற்காலியை விட்டார். "என்னால உங்களுக்குக் கெட்ட பேரு மேடம்."

"நீங்க என்ன சார் பண்ணுவீங்க? மெஷின் பழசு."

தினமும் காலையில் இதே கதைதான். அவருடைய கம்ப்யூட்டர் திறக்கும்வரை அவள் வந்து பக்கத்தில் நிற்பாள். இருவரும் ஏதாவது பேசிக்கொண்டிருப்பார்கள்.

"அக்கா போன் பண்ணாங்களா சார்?"

"பண்ணாம இருப்பாங்களா? அதே பழைய பாட்டுதான். உனக்கும் வயசாகுது, பொண்ணு பார்க்கட்டுமான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கம்ப்யூட்டர் திறந்திடுச்சு, வேலை இருக்குன்னு போனை வெச்சுட்டேன்."

"திறந்திருந்துச்சா?"

"எங்க திறந்துச்சு?"

அவள் சிரித்துவிட்டாள். அவள் வீட்டிலும் அதே பாட்டுதான் ஓடிக்கொண்டிருந்தது.

இந்த மனிதர் பிஸ்கட் பாக்கெட்டில் இருப்பதைக்கூட ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் பிரிப்பார். தக்கையைப் போட்டுக் கொடுத்த அன்று அவருக்கு ஆசை ஆசையாக விளக்கினாள்: "இதுல ஒளிவுமறைவே கிடையாது சார். உள்ள இருக்கிற கட்டளைகளை யார் வேணும்னாலும் திறந்து படிக்கலாம், மாத்தலாம். முன்னாடி ஹாஷ், அதான் இந்த # குறி, போட்ட வரியை மெஷின் கண்டுக்காது. அது மனுஷங்களுக்கான குறிப்பு."

"எனக்கு ஆன், ஆஃப் ரெண்டுதான் மேடம் தெரியும்," என்று அவர் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டார்.

"நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்க சார். பக்கத்துல நின்னா எனக்குக் கை ஓடாது."

அவர் ஏதோ சொல்ல வந்தார். பிறகு தயங்கித் தயங்கி வெளியே போனார்.

அவள் கோளாறைத் தேடவில்லை. அது எங்கே இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும். திரை வந்ததும், கம்ப்யூட்டர் விழிக்கும்போது ஓடும் கட்டளைகளைத் திறந்தாள். நடுவில் இருந்தது, அவளே எழுதிய வரி: மூன்று நிமிடம் காத்திரு.

அதை அழிக்கும்போது மனசு வலித்தது. நாளையிலிருந்து இந்த மேஜைக்கு வர என்ன சாக்கு சொல்வது?

கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டாள். இனி கண் சிமிட்டுவதற்குள் திறக்க வேண்டும். திறக்கவில்லை. கறுப்புத் திரை அப்படியே நின்றது. நிஜமாகவே கெட்டுப்போய்விட்டதா?

ஒருவழியாகத் திறந்ததும், அவசர அவசரமாகக் கட்டளைகளைக் கடைசிவரை உருட்டிப் பார்த்தாள். அடியில் அவள் எழுதாத ஒரு வரி இருந்தது: ஐந்து நிமிடம் காத்திரு.

அதற்கு மேலே, முன்னால் ஹாஷ் போட்டு ஒரு குறிப்பு: "திருத்தம்: மூன்று நிமிடம் போதவில்லை மேடம்."