ஒரு போன்கூட வரலையே!

"நம்ம போன் நம்பரை எல்லாம் உரக் கம்பெனிக்காரன் வித்துப்புட்டானாம்! கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடுத்தது இந்தப் புள்ளதானே? மொதல்ல இவளை வேலையை விட்டு அனுப்புங்க. இல்லேன்னா நாங்க சங்கத்தை விட்டுப் போறோம்!"

சிவமுருகன் மேசையைத் தட்டினான். பூம்பாறைப் பூண்டு விவசாயிகள் சங்கத்தில் வெள்ளனவே கூட்டம் கூடிவிட்டது. எல்லாம் டி.வி. செய்தி செய்த வேலை.

தலைவர் நல்லுசாமி, கணினி முன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த ஸ்வேதாவைப் பார்த்தார். வேலைக்குச் சேர்ந்து மூன்றே மாதம். உறுப்பினர்கள் அறுபது பேரையும் கம்பெனியின் தள்ளுபடி அட்டைக்குப் பதிந்தவள் அவள்தான். நல்ல வேலைக்காரி. வாய்தான் கிடையாது. இவளை எப்படி அனுப்புவது?

"ஏலே, கம்பெனி செஞ்ச தப்புக்குப் புள்ள என்னடா பண்ணும்?"

"அதெல்லாம் தெரியாதுங்க. பள்ளங்கியில என் மச்சானுக்கு ஒரு நாளைக்கு நாப்பது போன். மனை வாங்குறீங்களா, இன்சூரன்ஸ் போடுறீங்களான்னு. நிம்மதியா மருந்தடிக்க முடியல மனுசனுக்கு."

"சரி, உனக்கு எத்தனை வந்துச்சு?"

சிவமுருகன் விழித்தான். "எனக்கா... இன்னும் வரலைங்க."

"உனக்கு, செந்தில்வேலு?"

"வந்தா கிழிகிழின்னு கிழிக்கணும்னு ராவெல்லாம் யோசிச்சு வச்சிருக்கேண்ணே. ஒரு பய கூப்பிடல."

நல்லுசாமி ஒவ்வொருவராகக் கேட்டார். ஒருவருக்கும் வரவில்லை. கூட்டத்தின் கோபம் மெல்லத் திசை மாறியது.

"ஏண்ணே, பள்ளங்கிக்காரன் மட்டும்தான் மனை வாங்குவானா? நம்மளைப் பாத்தா வாங்குற மூஞ்சியாத் தெரியலையாமா?" என்றாள் கந்தம்மாள்.

"அதானே! என்னா எளக்காரம்!" என்றான் சிவமுருகன்.

ஸ்வேதா எழுந்தாள். குரல் பாதிதான் வந்தது.

"உங்களுக்கு வராதுங்கண்ணே. பதியுற அன்னைக்கு எல்லாரும் தோட்டத்துலருந்து நேரா வந்தீங்க. ஒருத்தருக்கும் நம்பர் மனப்பாடம் இல்ல. 'போன் வீட்டுல கெடக்கு, இப்போதைக்கு உன் நம்பரைப் போடு தாயி, நாளைக்குச் சொல்றேன்'னீங்க. யாரும் வந்து சொல்லல."

ஸ்வேதா தன் போனை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"அறுபது பேருக்கும் மனை வேணாம்னு நேத்துலருந்து நான்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன்."