பத்து நிமிடம்

பள்ளிச் சத்துணவுக்கூடச் சமையல்காரி தாட்சாயணிக்கு ஒன்பது வருடமாகத் தீராத அசதி. இதயம் நினைத்தபோது தாறுமாறாகத் துடிக்கும். பரிசோதனைகளில் மட்டும் எல்லாம் நார்மல்.

"உடம்புக்கு ஒண்ணுமில்லம்மா, சோம்பல்தான்" என்று, ஓய்வு நேரம் கேட்ட அவள் மனுவைத் தள்ளினார் டாக்டர் அருமைநாயகம்.

மனுவைத் தள்ளுகிறவர் நோயாளியின் உடம்பு படும் பாட்டை அப்படியே உணரவைக்கும் பட்டையைக் கையில் கட்டி, அந்த உடம்போடு பத்து நிமிடம் இருந்து பார்க்க வேண்டும் என்பது புதுச் சட்டம். சிரித்துக்கொண்டே கட்டினார்.

மூன்றாவது நிமிடம் பேனா நழுவி விழுந்தது. அவரால் குனிய முடியவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"கழட்டும்மா…"

தாட்சாயணி குனிந்து பேனாவை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"பயப்படாதீங்க சார். இதே நெஞ்சோடதான் காலையில இருநூறு பிள்ளைங்களுக்குச் சாம்பார் சாதம் ஆக்கி எறக்கிட்டு வந்தேன்."

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இன்னும் ஏழு நிமிஷம் இருக்கு."