உங்கள் மொழியிலேயே எழுதலாம்

நூலகர் ராகேல், வருகைப் பதிவேட்டை ஞானையன் முன் விரித்தார். ஞானையன் முப்பது ஆண்டுகள் ஒடிசாவில் மிஷன் ஊழியம் செய்துவிட்டு ஊர் திரும்பியவர்.

“செங்கல் சூளையில வேலை பாக்குற ஒடிசாக்காரர், அண்ணாச்சி. தினமும் நம்ம பைப்பில தண்ணி பிடிக்க வருவாரு. சூப்பர்வைசர் வாசல்ல பைக்கில காத்து நிப்பான். ஆனாலும் உள்ள வந்து இதில எழுதாம போகமாட்டாரு. அஞ்சு நாளா ஆளைக் காணல்ல. பேரு தெரிஞ்சா சூளையில போய்க் கேக்கலாம்.”

“வாசல்ல ஒடியாவில போர்டு வேற வச்சிருக்கியே!”

“டிரெயினிங்கில இந்தப் போர்டையும் குடுத்துச் சொன்னாவ. வந்தவங்க அவங்க மொழியிலேயே எழுதட்டும், நமக்குப் படிக்கத் தெரியல்லேன்னாலும் பாத்துச் சிரிச்சுத் தலையாட்டணும்னு. நானும் ஒருநாள் விடாம செய்தேன்.”

“நீ சிரிச்சதைப் பாத்துப் பயந்துல்லா ஓடிருப்பான்!”

ராகேல் சிரித்தார். ஞானையன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். பக்கத்தைத் திருப்பினார். இன்னொரு பக்கம்.

“பேரு என்ன அண்ணாச்சி?”

“பேரு எங்கயும் எழுதல்ல, மக்கா.”

கடைசி நாளின் வரிகளில் விரலை வைத்து, மெல்லத் தமிழில் சொன்னார்.

“அக்கா, நாளைக்கு எங்களை வேற எங்கயோ கொண்டுபோறாங்க. அடைச்சு வச்சிருக்குற பதினோரு பேர்கிட்டயும் சொல்லிட்டேன், பயப்படாதீங்கன்னு. நான் எழுதுற எல்லாத்தையும் நீங்க படிச்சுட்டுத் தலையாட்டுறீங்க. அதனால இன்னைக்குக் கண்டிப்பா போலீஸ் வரும்.”